கால்மாட்டு டாக்டர்

வாசகரே, மருத்துவம் படிக்காமலே மருத்துவராகிவிட்ட ஓர் இனம் நம்மிடையே உண்டு. அதற்குக் கல்லூரி வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு நோயாளியும், அவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்க ஓரடி இடமும் கிடைத்தால் போதும். நாலு சாத்துக்குடியோடு வருவார். ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் பாட்டிலை ஒரு தட்டுத் தட்டுவார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து உதட்டைப் பிதுக்குவார். தன் மச்சினன் இதே வியாதியில் எப்படிச் செத்தான் என்பதை நோயாளியின் காதுபட விவரித்துவிட்டு, தைரியமாக இருக்கும்படி சொல்வார். ஆள் தெரிகிறதா?

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் பிட்டராக இருந்த தேசப்பன் இந்த இனத்தில் தலைசிறந்தவர். ஆரோக்கியமேரி அவரை ஆண்டவரே அனுப்பிவைத்த ஆள் என்று நம்பினாள். பாவம், அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? அவள் புருஷன் அந்தோணி அதே மில்லில் கிரேன் ஓட்டுபவன். உலைக்கு மேலே கேபினில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் புகை குடித்த நுரையீரல் ஒருநாள் கைவிரித்துவிட்டது. பொன்னேரியில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி, மெஷின் வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். மூச்சு சீரானது. மாஸ்க்கின் வார்களை அளவு பார்த்துக் கட்டிய ஜபீன் சிஸ்டர், தங்கை கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் பழவேற்காடு போய்விட்டாள்.

அன்று மாலையே தேசப்பன் வந்தார். மாஸ்க் அழுத்தி அந்தோணியின் மூக்குத்தண்டு சிவந்திருந்தது. மில்லில் எந்த நட்டையும் ஒரு திருகு திருகாமல் தாண்டாத கை சும்மா இருக்குமா? "மாட்டக் கட்றா மாதிரி கட்டிகீறாங்களே தங்கச்சி" என்று சொல்லி, மேல் வார் இரண்டையும் விரற்கடை தளர்த்தினார். மாஸ்க்கின் மேல் விளிம்பில் உஸ்ஸென்று சத்தம் வந்தது. கம்ப்ரஸர் என்றால் அப்படித்தான் என்றார். மேரிக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அந்தோணியின் கண்கள் சிவந்தன. அந்த மாதம் மில் முழுக்க மெட்ராஸ் ஐ. தேசப்பன் வாசற்படியில் நின்றபடியே நோயைச் சொல்லிவிட்டார். ஸ்டேஷன் வாசல் பிளாட்பாரக் கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து, ஒரு கையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டு, மறுகையால் மாஸ்க்குக்கு மேலேயே அதை மாட்டினார். கண்ணாடி மாஸ்க்கை இன்னும் கீழே தள்ளியது. உஸ் இன்னும் பெரிதானது. பிள்ளைகளை ஆரணியில் சித்தி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். புருஷன் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று மேரியை எச்சரித்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கண்ணாடி எதற்கு என்று கேட்டதும், மேரி வாய் திறப்பதற்குள், கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது என்று கூசாமல் சொன்னார். அவசரத்திலிருந்த டாக்டர் நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மாஸ்க்கைக் கழற்றிக் கஞ்சி கொடுக்கும்போதுகூட மேரி சுவரைப் பார்த்தபடிதான் ஸ்பூனை நீட்டினாள். பாதிக் கஞ்சி அவன் கழுத்தில் வழிந்தது. மூன்றாம் நாள் அந்தோணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"மேரி, கண்ல மண்ணு கொட்னா மாதிரி கீது. லைட்டெல்லாம் பொகையா தெரியுது. நான் கிரேனு ஏற முடியுமா?"

கிரேன் கொக்கிக்குக் கீழே பத்துப் பேர் தலை இருக்கும். கண் போனால் கேபின் போச்சு, அதோடு குடும்பமும் போச்சு. மேரி தேசப்பனிடம் சொன்னாள். முற்றி இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்.

நாலாம் நாள் ஜபீன் வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மேரியின் கையைப் பிடித்து, புறங்கையை மாஸ்க்கின் மேல் விளிம்பருகே வைத்தாள். காற்று சுள்ளென்று அடித்தது.

"இந்தக் காத்து ராப்பகலா கண்ணுலயே அடிச்சிகினு கீதுக்கா. கண்ணு காஞ்சி புண்ணாகிப் போச்சு. வார யாரு லூசு பண்ணது?"

மேரி கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். தேசப்பனுக்கு அப்போதுதான் ஷிப்ட் ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டார். கட்டிய புருஷன் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் போதுமே என்று மேரி தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

மருந்து விட்டதில் இடது கண் தேறியது. வலது கண்ணில் கருவிழிப் புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டது. கிரேன் ஏற மில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அந்தோணி இப்போது கேட்டில் நின்று, வலது கண்ணை இடுக்கிக்கொண்டு லாரி நம்பர் எழுதுகிறான். உள்ளே கேண்டீனில் தேசப்பன் டீ குடித்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அந்தோணிக்குக் கண்ல கோளாறுன்னு மொதல்ல கண்டுபுடிச்சதே நான்தாம்பா." அதிலென்ன சந்தேகம்? அவரை முந்த யாரால் முடியும்?

சிரித்தீர்களா, வாசகரே? நல்லது. போன மாதம் நீங்கள்கூட ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போனீர்களே. சாத்துக்குடியைக் கீழே வைத்த பிறகு, கையை எங்கே வைத்தீர்கள்?