குழியில் விழாத பந்து

மனிதகுலம் இதுவரை நிகழ்த்திய வீரச் செயல்களிலெல்லாம் தலையாயது, கோல்ஃப் பந்தைக் குழியில் போடாமல் இருப்பதுதான். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. போடுவதில் என்ன பெருமை இருக்கிறது? குழி வெட்டி, கொடி நட்டு, சுற்றிலும் புல்லை மழித்து வைத்திருக்கிறார்கள். பந்தும் உருண்டை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் என்றைக்காவது ஒருநாள் விழுந்துதான் தீரும். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது, பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அப்பால் போக வேண்டும். போன பிறகு அடித்தவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிய வேண்டும். அதற்குப் பெயர் தவம்.

இந்தத் தவத்தில் சித்தி பெற்றவர் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சுகுமாறன். நான் அவருடைய செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மட்டைப் பையைச் சுமப்பவன். என் பெயர் அர்ச்சுனன். ஆகவே குறி பார்ப்பதைப் பற்றிப் பேச எனக்குப் பெயரளவிலாவது தகுதி உண்டு.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் பக்கம் எங்கள் தொழிற்சாலை. பிளாஸ்டிக் நாற்காலி செய்கிறோம். ஜொகூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நீங்கள் உட்காருவது அநேகமாக எங்கள் நாற்காலியாக இருக்கும். நாங்கள் அதை நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிறோம். முதலாளி டத்தோ ஜெயபாலனுக்கு அலுவலகத்தில் எங்களைப் பார்க்க நேரமே கிடைத்ததில்லை. கோல்ஃப் திடலில் மட்டும் அவரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டோம். உடனே செயற்குழு கூடி, “நிர்வாகத்துடன் நல்லுறவை வளர்க்கும் பொருட்டுத் தலைவர் அவர்கள் கோல்ஃப் ஆடுவாராக” என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

“எனக்கு பேட்மிண்டன்தான் தெரியும்லா,” என்றார் தலைவர்.

“அதுலயும் மட்டைதானே தலைவரே,” என்றார் பொருளாளர் கனகராஜ்.

அந்த வாதம் உடனே குறிப்பேட்டில் ஏறியது. ஜொகூர் பாருவில் யாரோ பயன்படுத்திக் கழித்த மட்டைகளைச் சங்கச் செலவில் வாங்கினோம்.

முதல் ஆட்டத்தில் விபரீதம் நேர்ந்தது. தலைவர் முருகா என்று அடித்த பந்து ஒரு செம்பனை மரத்தில் மோதி, திரும்பி வந்து, தானாகவே குழிக்குள் இறங்கிவிட்டது. டத்தோ தோற்றார். சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார். அடுத்த வாரம் எங்கள் கேண்டீன் மின்விசிறிகளைப் “பராமரிப்பு” என்று கழற்றிக்கொண்டு போனார்கள். மதியம் சாப்பிடும் மீகோரெங் நூடுல்ஸில் எங்கள் வேர்வை சொட்டியது.

தலைவர் புத்திசாலி. புரிந்துகொண்டார். அன்று முதல் அவருடைய பந்துகள் குளத்தைத் தேடிப் போய் விழுந்தன. மணற்குழிக்குள் இறங்கினால் கிணறு வெட்டுகிறவர் மாதிரி மணலை வாரி இறைத்தார். டத்தோ ஒவ்வொரு முறை அடித்ததும், “அலமாக்! டத்தோ, உங்க கைக்கு மட்டும் எப்படி இப்படி வருது?” என்று வியந்தார். கொஞ்ச நாளில் மின்விசிறிகள் திரும்பி வந்தன. தலைவரின் ராஜதந்திரத்தை மெச்சி எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். வந்தவை எங்களுடைய பழைய மின்விசிறிகளேதான் என்பதை அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

இப்படிச் சங்கம் தோற்றுத் தோற்று வளர்ந்துவரும் காலத்தில்தான் பஸ் விவகாரம் வந்தது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஃபேக்டரி பஸ் தீபாவளிக்குப் பிறகு ஓடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். “பசுமை நடவடிக்கை” என்று காரணம் எழுதியிருந்தது.

பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் ராசம்மா அக்கா நேராகச் சங்க அறைக்கு வந்தார். அவர் வீடு அந்தப் பக்கத் தோட்டக் குடியிருப்பில். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வீட்டில் வருமானம் இவருடையது மட்டும்தான்.

“பஸ் நின்னா என் வேலையும் நின்னுடும் தலைவரே. கிராப் டாக்சி புடிச்சு வந்தா சம்பளம் அதுக்கே போயிடும். நீங்கதான் டத்தோகிட்ட பேசணும்.”

“கவலைப்படாதீங்க ராசம்மா. ஞாயித்துக்கிழமை புல்லுல பேசிக்கலாம்,” என்றார் தலைவர். தொழிலாளர் பிரதிநிதியாக ராசம்மாவும் வரலாம் என்று பெருந்தன்மையுடன் அனுமதித்தார். வரும்போது விருந்தினருக்குக் கறிபாப் பலகாரம் செய்து எடுத்துவரச் சொன்னார்.

அன்று டத்தோவுடன் நாற்காலி வாங்கும் சிங்கப்பூர்க்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். டத்தோவுக்குக் கௌரவப் பிரச்சினை. கடைசிக் குழிக்கு வரும்போது அவர் ஒரே ஓர் அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். அதாவது, தலைவர் அவரை அப்படி வைத்திருந்தார். டத்தோ ஆடி முடித்துவிட்டார். தலைவரின் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. உள்ளே போனால் ஆட்டம் சமம். போகாவிட்டால் டத்தோவுக்கு வெற்றி. இவ்வளவு பக்கத்தில் கிடந்தால், “போதும், எடுத்துக்கோ” என்று விட்டுக்கொடுப்பது வழக்கம். டத்தோ எதையும் சும்மா விடுகிறவர் அல்லர்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “டத்தோ, அந்த சிம்பாங் ரெங்கம் பஸ்ஸு…”

டத்தோ நல்ல குஷியில் இருந்தார். “சரி சுகு, ஒரு பந்தயம். இது உள்ள போனா பஸ் ஓடும். போகலன்னா நிக்கும். எல்லாரும் சாட்சி. போடுங்க பாப்போம்!”

சிங்கப்பூர்க்காரர்கள் சிரித்தார்கள். கறிபாப் டப்பாவுடன் ஓரமாக நின்ற ராசம்மா அக்கா சிரிக்கவில்லை. ஒரு சாண் தூரம். அவர் குனிந்து ஊதினாலே பந்து உள்ளே போயிருக்கும்.

தலைவருக்கு நெற்றியில் வேர்த்தது. பந்தைச் சுற்றி வந்தார். மண்டியிட்டுப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து காதில் கேட்டார்.

“அர்ச்சுனா, டத்தோ நெசமாதான் சொல்றாரா, இல்ல நம்மள சோதிச்சுப் பாக்குறாரா?”

“எதுவா இருந்தாலும் போட்டுடுங்க தலைவரே. ஒரு சாண்தான்.”

“போட்டா அவரு ஜெயிக்கலன்னு ஆயிடும்லா. சிங்கப்பூர் ஆளுங்க வேற நிக்கிறாங்க.”

“போடலன்னா பஸ் போயிடும்.”

“ரொம்பக் கஷ்டமான அடிப்பா இது,” என்றார் தலைவர்.

புதிதாக ஆட வருகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அழுத்தம் மிகுந்த நேரத்தில் மூச்சைச் சீராக விட வேண்டும். தோளைத் தளர்த்த வேண்டும். கண்ணைக் குறியிலிருந்து எடுக்கக் கூடாது. தலைவர் மூன்றையும் செய்தார். மட்டை மெல்ல அசைந்தது. பந்து உருண்டு, குழியின் உதட்டை முத்தமிட்டு, வளைந்து, அப்பால் போய் நின்றது. இத்தனை வருடத்தில் அப்படியொரு சுத்தமான அடியை நான் பார்த்ததில்லை.

“அச்சச்சோ, சுகு!” என்று டத்தோ ஓடிவந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். “நீங்கதான் உண்மையான ஸ்போர்ட்ஸ்மேன்!”

ராசம்மா அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, குழி இந்தப் பக்கம்தானே இருக்கு? இவரு எங்க பாத்து அடிச்சாரு?”

நான் மட்டைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தேன். கறிபாப் நன்றாக இருந்ததாகச் சிங்கப்பூர்க்காரர்கள் சொன்னார்கள்.

அடுத்த செயற்குழுவில், “கடும் அழுத்தத்துக்கிடையிலும் பந்தைக் குழிக்கு வெகு அருகில் கொண்டு சென்ற” தலைவருக்கு நன்றித் தீர்மானம் வந்தது.

“அடிக்கிறதுக்கு முன்னாடி இதைவிடப் பக்கத்துல இருந்துச்சே!” என்று ராசம்மா அக்கா எழுந்தார். அக்கருத்து தீர்மானத்துக்குத் தொடர்பற்றது என்று கனகராஜ் விளக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

தீபாவளிக்குப் பிறகு பஸ் நின்றது. ராசம்மா அக்காவும் வேலையை விட்டார். ஆனால் நிர்வாகம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. சிம்பாங் ரெங்கத்தில் அந்த பஸ் நின்று ஆளேற்றிய இடத்துக்குப் புத்தம்புது நாற்காலிகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. தலைவர் ரிப்பன் வெட்டினார். “இனிமே நீங்க நின்னுக்கிட்டு காத்திருக்க வேணாம்,” என்று உருக்கமாகப் பேசினார். வராத பஸ்ஸுக்கு உட்கார்ந்தே காத்திருக்கும் வசதி ஜொகூரில் வேறெங்கும் கிடையாது.

தலைவரைப் பற்றி இப்போது சில பொறாமைக்காரர்கள் புறம் பேசுகிறார்கள். அவருக்கு ஆடத் தெரியாதாம், கை நடுங்கிவிட்டதாம், குறி தப்பிவிட்டதாம். பை சுமந்தவன் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன். ராசம்மா அக்காவின் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது முடியும். தலைவர் எங்கே பார்த்து அடித்தாரோ, பந்து இம்மி பிசகாமல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலை வாசலில், கூரை போட்ட நிழலில், டத்தோவின் காருக்குப் பக்கத்து இடம் அது. அங்கே இப்போது தலைவரின் கார் நிற்கிறது.