பீப் அண்ணையும் பேசாத அழைப்புகளும்

"இண்டைக்குப் பிசாசுதான் வெல்லும்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தன் வயிற்றுக் கோளாறையும் கனடாவின் ஸ்காபரோ முழுவதற்கும் அறிவிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்க முடியும். அவரோடு நான்கு வருடம் ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டவன் நான்.

எல்லோருக்கும் அவர் பீப் அண்ணை. பெயருக்கும் மாட்டிறைச்சிக்கும் சம்பந்தமில்லை. ஆள் முட்டை கூடத் தொடாத சைவம். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பதினோராம் மாடி வீட்டில் அவரும், மன்னாரைச் சேர்ந்த யூட் அண்ணையும், நானும் இருந்தோம். மூவருக்கும் கிழக்கே தூரத்தில் ஒஷாவாவில் வேலை. கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி செய்யும் தொழிற்சாலை. காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை வான் வந்து கீழே நின்று ஹோர்ன் அடிக்கும்.

நாங்கள் இல்லாதபோது தொலைபேசிக்குப் பதில் சொல்ல, வீட்டுக்கு ஒரு அன்சரிங் மிசின் வாங்கி வந்தவர் அவர்தான். அதற்கு இரண்டு ஒலிநாடாக் கசற். ஒன்றில் நாங்கள் பேசி வைப்பது, மற்றதில் மிசின் ஒரு சத்தம் போட்ட பிறகு அழைப்பவர் பேசுவது. முதல் கசற்றை அவர் தன் சொந்த வானொலி நிலையமாக்கிக் கொண்டார். காரணம் அமெரிக்கக் கொலிஜ் கூடைப்பந்து. பின்னேரம் வேலையால் வந்தால் ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவார். சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களின் ஆட்டம் அவருக்குப் பிடிக்காது. கொலிஜ் பெடியள் சும்மா ஓடுகிறார்கள், அதனால் அவர்கள் முகத்தில் பொய் இல்லை என்பார். ஆட்டம் தொடங்குமுன் வரிசையாக நிற்கும்போது முகங்களைப் பார்த்தே யார் வெல்வார் என்று தீர்மானிப்பார். கொலிஜ்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. சட்டையில் இருக்கும் உருவத்தை வைத்து கரடி, வேங்கை, பூனை, பிசாசு என்று தமிழில் கூப்பிடுவார்.

தினமும் காலையில் வான் வருமுன், மிசினுக்கு முன்னால் குந்தியிருந்து பதிவார்.

"வணக்கம். இண்டைக்கு ரெண்டு ஆட்டம். கரடியும் வேங்கையும். கரடியை எடுங்கோ, வேங்கையின்ரை நெட்டைப் பெடியனுக்குக் கால் சுளுக்கு. எனக்கும் இடது முழங்கால் நோகுது. புஷ்பத்தின்ரை கடிதம் வந்தது, மகள் கணக்கிலை முதலாம் பிள்ளை. அடுத்தது பிசாசும் கழுகும். பிசாசைப் பிடியுங்கோ, அது கைவிடாது..."

புஷ்பம் யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய மனைவி. இப்படியே மூன்று நிமிடம் போகும். வேலைத்தலத்தில் பாதிப் பேர் எங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துக் கேட்டார்கள். காசு வைத்துப் பந்தயம் பிடித்தால் வேலை போய்விடும் என்பதால் நாங்கள் சனிக்கிழமையைப் பந்தயம் வைத்தோம். தோற்றவன் வென்றவனுக்குப் பதிலாகச் சனிக்கிழமை வேலைக்குப் போகவேண்டும். அண்ணை சொல்வதில் பாதி சரிவரும், பாதி பிழைக்கும். அதற்காக யாரும் அவரைக் கைவிடவில்லை. ஆட்டம் பிழைத்தாலும் முழங்காலுக்கு என்ன நடந்தது என்று அறிய அடுத்த நாளும் அடிப்பார்கள்.

இதில் நடுவில் அகப்பட்டவன் நான். பக்கத்து அஜின்கோர்ட்டில் எனக்கு ஒரு பெண் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் நாள் குறிக்க எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது பிசாசைப் பிடிக்கச் சொல்லும் குரலைக் கேட்டார். தொடர்ந்து நேற்றிலிருந்து மூன்று முறை வயிற்றாலே போனதையும் கேட்டார். அது என் குரல் என்று நினைத்து, பெடியனுக்குப் பிசாசும் பிடித்திருக்கிறது, வயிறும் சரியில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டார். நான் நேரில் போய் இரண்டையும் மறுக்கவேண்டி வந்தது. அந்தப் பெண் வயிறு சுகமாகிவிட்டதா என்றறிய ஒவ்வொரு நாளும் இரகசியமாக அடித்துக் கேட்டிருக்கிறாள். இதைக் கலியாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து முடிவில், சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் ஒரேயடியாக வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. புஷ்பம் அக்காவும் மகளும் அந்தக் கூட்டத்தோடு நடந்திருக்கவேண்டும். கடிதம் நின்றுபோனது. எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. அண்ணை ஆட்டம் சொல்வதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையும் மிசினுக்கு முன்னால் குந்தினார். "வீட்டிலையிருந்து கடிதமில்லை. வேங்கையை எடுங்கோ" என்றார்.

வேங்கை வென்றது. மறுநாள் சொன்னதும் வென்றது. ஒரு கிழமை முழுக்க ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இரண்டாவது கிழமையும் அப்படியே போனபோது வேலைத்தலத்தில் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கட்டடத்தின் கீழே முன்பின் தெரியாத ஆட்கள் லிப்டுக்குப் பக்கத்தில் நின்று அவரை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் அவருடைய குளிர்க்கோட்டின் நுனியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மற்றக் கசற்றிலும் மாற்றம் வந்தது. பின்னேரம் நாங்கள் வீட்டுக்கு வரும்போதே வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். இருண்ட முன்னறை ஹோலுக்குள் மிசினின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கும். போட்டுக் கேட்டால் பந்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு குரல் தன் அகதி வழக்கு வெல்லுமா என்று கேட்டது. ஒரு பெண் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டாள். அவற்றுக்கு நடுவே யாரும் பேசாத அழைப்பு ஒன்றும் இருந்தது. கடலுக்கு அடியில் காற்று வீசுவது போன்ற இரைச்சல். கடைசியில் "...ங்கோ" என்று ஒரு அரைச் சொல். பிறகு டொக் என்று அறுந்துவிடும். அடுத்த நாளும் அதே இரைச்சல், அதே "...ங்கோ". அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

மூவரும் மிசினைச் சுற்றியிருந்து திரும்பத் திரும்பக் கேட்டோம். எனக்கு அது ஆணின் குரல் போல இருந்தது. யூட் அண்ணை குரலே இல்லை, காற்று என்றார். சொல்லிவிட்டுப் போய் மடுமாதா கோயில் தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து மிசினின் மேல் தெளித்தார். இரண்டு நாள் மிசின் தவளை போலக் கத்தியது. மூன்றாம் நாள் தெளிந்தது, இரைச்சலும் திரும்பி வந்தது.

பீப் அண்ணை சாப்பாட்டைக் குறைத்தார். அவர் மெலிந்துகொண்டு வந்தார். ஒருநாள் வானில் வரும்போது, மற்றவர்கள் நித்திரை என்று பார்த்துக்கொண்டு என் காதுக்குள் பேசினார்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் அதிட்டம் எண்டு அளந்து வைச்சிருக்கும் தம்பி. நான் என்ரையை எல்லாம் உந்தப் பந்துக்குள்ளை போட்டு முடிக்கிறன். அங்கை புஷ்பத்துக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் மிஞ்சாது."

"அப்ப பிழையாச் சொல்லுங்கோவன் அண்ணை" என்றேன்.

அவர் அதை முயன்று பார்த்தார். அந்தச் சனிக்கிழமை பிசாசுக்கு எதிராகத் தேனீ வெல்லும் என்று பதிந்தார். தேனீ அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் வென்றிராத கொலிஜ். மத்தியானம் மூவரும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். முதல் பாதியிலேயே தேனீ படுதோல்விக்குப் போய்க்கொண்டிருந்தது. கன நாளைக்குப் பிறகு அண்ணை வயிறு நிறையச் சாப்பிட்டார். இரண்டாம் பாதியில் பிசாசுப் பெடியளின் கை வழுக்கத் தொடங்கியது. எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே போனது. கடைசி விநாடியில் தேனீ ஒரு புள்ளி பின்னால் நின்றது. ஒரு கட்டைப் பெடியன் நடுக்கோட்டில் நின்றபடி பந்தைத் தூக்கினான்.

அண்ணை எழும்பிப் போய் ரீவியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "எறியாதை அப்பன்" என்றார் மெதுவாக. "உனக்குப் புண்ணியம் கிடைக்கும், எறியாதை."

பந்து அவருடைய விரல்களுக்கு இடையால் போய் வளையத்துக்குள் விழுந்ததை நான் பார்த்தேன். ரீவிக்குள் இருந்த சனம் ஆர்ப்பரித்தது. யூட் அண்ணை போய் ரீவியை நிறுத்தினார்.

அதன்பிறகு அண்ணை ஆட்டம் சொல்வதை விட்டுவிட்டார். சொந்தக் கதை மட்டும் மூன்று நிமிடம் பதிந்தார். முந்தின நாள் பல்கனியில் ஒரு பூனை வந்து நின்றது, பதினோராம் மாடிக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னார். வேலைத்தலத்தில் எல்லோரும் பூனை என்று பந்தயம் பிடித்தார்கள். பூனை வென்றது. பெரிய குளிர்க்கோட்டைப் போட்டால் தான் கரடி மாதிரி இருப்பதாக மறுநாள் சொன்னார். கரடி வென்றது. பிறகு முழங்காலைப் பற்றிச் சொல்லவும் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

வேங்கையைச் சொன்ன நாளிலிருந்து இருபத்தாறாம் நாள் காலை நெடுநேரம் மிசினுக்கு முன்னால் குந்தியிருந்தார். கீழே வான் ஹோர்ன் அடித்தது. பொத்தானை அமத்தி, "ஒண்டும் இல்லை" என்று இரண்டு சொல் மட்டும் சொல்லிவிட்டு எழும்பினார்.

அன்று பின்னேரம் வந்து கசற்றைப் போட்டோம். இரண்டு மூன்று பேர் "ஒண்டும் இல்லை" என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார்கள். பிறகு அந்த இரைச்சல் வந்தது. யூட் அண்ணை போத்தலோடு ஓடி வந்தார். இந்த முறை இரைச்சல் அறுந்து போகவில்லை.

"கேக்குதே? நான் புஷ்பம். இண்டைக்கெண்டாலும் என்னைக் கதைக்க விட்டியள். வவுனியாவிலை அகதிக் காம்பிலை நிக்கிறம். பிள்ளை சுகம். நான் கத்தக் கத்த நீங்கள் கரடி, பிசாசு எண்டு உங்கடை கதையையே கதைச்சுக்கொண்டிருக்கிறியள். உங்களுக்கு என்னப்பா செய்தது..."

டொக். அவ்வளவுதான்.

விபரம் பிறகுதான் தெரிந்தது. காம்பிலிருந்து பின்னேரத்தில்தான் வெளியே விடுவார்கள். அது எங்களுக்கு விடியக்காலை ஆறரை, மூவரும் வேலைக்குப் போய்விட்ட நேரம். தொலைபேசிக் கடையில் ஒருவருக்கு மூன்று நிமிடம், பின்னால் நீண்ட வரிசை. புஷ்பம் அக்கா தன் வாழ்நாளில் அன்சரிங் மிசினைக் கண்டதில்லை. கணவரின் குரல் கேட்டதும் அழுதுகொண்டே பேசியிருக்கிறார். அந்தக் குரலோ நிற்காமல் பந்தைப் பற்றிப் பேசியிருக்கிறது. "இஞ்சருங்கோ" என்று அவர் கணவரைக் கூப்பிட்டுக் கத்தும்போது மூன்று நிமிடம் முடிந்துவிடும். அண்ணையின் பேச்சு ஓய்ந்து மற்றக் கசற் ஓடத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது அந்த "...ங்கோ" மட்டும். கனடாக் குளிரில் மனிசனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பிசாசும் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்து ஒரு கிழமை விரதமும் இருந்திருக்கிறார்.

இது ஒன்றும் தெரியாமல் நாங்கள் அந்த ஹோலில் நின்றோம். அண்ணை கசற்றைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டார். திரும்பவும் ஓட்டினார். ஏழாவது தரம் மிசினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். யூட் அண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் தீர்த்தப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு தானே குடித்தார்.

மறுநாள் மூவரும் வேலைக்குப் போகவில்லை. விடியக்காலையிலிருந்தே தொலைபேசியைச் சுற்றியிருந்தோம். ஆறரைக்கு மணி அடித்தது. அண்ணை எடுத்து, "புஷ்பம்?" என்றார். பதில் இல்லை. இரைச்சல் மட்டும். "புஷ்பம், நான்தான். நீர் எங்கை நிக்கிறீர்?" அதற்கும் பதில் இல்லை. றிசீவரை எங்கள் பக்கம் நீட்டினார். மறுபக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. உயிருள்ள ஆள் ஏன் பேசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் யூட் அண்ணை. "மிசின் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம் போல. அவ சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறா" என்றார்.

அண்ணை எங்களைப் பார்த்தார். றிசீவரைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதை வாயோடு பொத்திக்கொண்டு, "பீப்" என்றார்.

அந்தப் பக்கத்தில் புஷ்பம் அக்கா பேசத் தொடங்கினார். அன்றைக்கு யூட் அண்ணை வைத்ததுதான் பீப் அண்ணை என்ற பெயர்.

பிறகு அண்ணை மறுபடியும் ஆட்டம் சொன்னார். முதல் நாளே பிழைத்தது. அதற்குப் பிறகு பாதி சரி, பாதி பிழை என்று பழையபடி வந்து நின்றது. லிப்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் காணாமல் போனார்கள். அவரை நம்பி நான் அடுத்தடுத்து நான்கு சனிக்கிழமை வேலைக்குப் போனேன். இருபத்தைந்து நாள் ஒன்றுகூடப் பிழைக்காமல் போனது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை அவரிடமே கேட்டேன். "தெரியாது தம்பி. தெரிஞ்சாலும் வாயைத் திறக்கமாட்டன்" என்றார்.

புஷ்பம் அக்காவும் மகளும் கனடாவுக்கு வந்து சேர இரண்டு வருடம் பிடித்தது. விமான நிலையத்துக்கு என்னுடைய காரில்தான் போனோம். தாயும் மகளும் வெளியே வந்தபோது அண்ணை ஒரு சொல்லும் பேசவில்லை. பெட்டிகளைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். கார் ஹைவேயில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தது. திறந்தது திறந்ததுதான். குளிர்க்கோட்டு எங்கே மலிவு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடையில் முருங்கைக்காய், மேல்வீட்டுக்காரருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீற்றில் மகள் தாயின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். புஷ்பம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி இருந்தார். இடைக்கிடை "ம்" என்றார்.

நாங்கள் இறங்கவேண்டிய மார்க்கம் ரோட் எக்சிற் வந்தது. அண்ணை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் காரைத் திருப்பாமல், ஒஷாவாப் பக்கமாக நேரே விட்டேன்.