டிராயருக்கு அளவெடுக்கிறார் ரகுபதி

அளக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அளப்பார்கள், மறுபடி அளப்பார்கள், அளந்ததைப் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவார்கள், அந்த நாலு பேர் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை அளப்பார்கள். அறுக்க மட்டும் மாட்டார்கள். அத்தாட்சி வேண்டுமென்றால் திருவொற்றியூரில் ரகுபதியின் அடுப்படிக்கு வாருங்கள். பார்த்துக் கால் வையுங்கள், தரையெல்லாம் பாத்திரம்.

அதோ, சுவரோரம் முழங்காலிட்டிருக்கிறாரே, அவர்தான். இரண்டு கைகளுக்கும் வேலை. இடது கை டேப்பின் நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்திருக்கிறது, வலது கை அதை இழுத்துக்கொண்டே போகிறது. அவர் மனைவி பவானியின் கைகளும் சும்மா இல்லை. மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முழங்கை வரை இறங்கிப் புளி டப்பாவைத் துழாவிக்கொண்டிருக்கின்றன. யாருடைய வேலையால் இன்று குழம்பு கொதிக்கும் என்று சொல்ல வேண்டுமா?

பொங்கல் முடிந்த கையோடு, தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தைத் தூக்கும்போது பவானிக்கு முதுகில் ‘டக்’ என்றது. டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாத்திரையைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்லி அனுப்பினார்கள்: குனியக் கூடாது, குந்தக் கூடாது, கனமான சாமான் எல்லாம் இடுப்பு உயரத்தில் கைக்கு வர வேண்டும், இன்னொரு தடவை மோசமானால் ஆபரேஷன்தான். ரகுபதி நல்லவர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் தொல்லை. வீடு வந்து சேர்ந்ததும், மேடைக்கு அடியில் வரிசையாக டிராயர் போடுவோம், இழுத்தால் சட்டியே வெளியே வந்து வணக்கம் சொல்லும் என்று அறிவித்தார். மறுநாளே பழைய கடப்பா கல் தட்டுகளை இடித்துத் தள்ளினார். இடிக்கும்போது மட்டும் இந்த இனத்துக்கு அளவு நினைவுக்கு வராது. பாத்திரங்கள் மீன் பெட்டிகளுக்குள் ஏறித் தரையில் குந்தின. ரெண்டே நாள் என்றார்.

இப்போது ஆடி.

நடுவில் என்ன நடந்தது? ஒரு கேள்வி நடந்தது. டிராயர் பெட்டியின் முகப்பில் பிரேம் அடிப்பதா, பிரேமே இல்லாமல் வெறும் பலகைப் பெட்டியாக விடுவதா? பிரேம் இருந்தால் பெட்டி கோணாமல் நிற்கும், ஆனால் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் வாயை அடைத்து டிராயரைச் சிறுக்க வைக்கும். பிரேம் இல்லாவிட்டால் டிராயர் முழு அகலத்துக்கு வரும், ஆனால் பலகை ஒரு நூல் பிசகினாலும் சிக்கிக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடிக்கலாம்.

ரகுபதிக்கு எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அதனால் முதலில் அவருக்குச் சந்தேகமே இல்லை, பிரேம் இல்லாத கன்டெய்னரை ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியுமா என்று கேட்டார். தன் சட்டிகளைக் கப்பலில் ஏற்றப்போவதில்லை என்று பவானி சொல்லிப் பார்த்தாள். பிறகு, பனி கொட்டும் ஏதோ ஊரில் ஒரு வெள்ளைக்காரர் பிரேம் இல்லாத டிராயரில் முள்கரண்டிகளை அடுக்கும் வீடியோவைப் பார்த்துக் கட்சி மாறினார். அப்புறம் உப்புக்காற்று நினைவுக்கு வந்தது, பலகை ஊதிவிட்டால் என்ன ஆவது என்று தாய்க் கட்சிக்கே திரும்பினார். பவானி எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “ஒரு வாட்டி போட்றது. அவசரப்படாத.”

அவசரப்படாமல் இருப்பது அவருக்குச் சுலபம். குனிவது அவர் இல்லையே.

போன மாதம், கூட வேலை பார்த்தவர் ஒருவர் காலமாகி, துக்கம் விசாரிக்க இருவரும் காலடிப்பேட்டைக்குப் போனார்கள். இறந்தவரின் மனைவி பச்சையம்மா கூடத்தில் பெண்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே போன ரகுபதி திரும்பி வரவில்லை. ஒப்பாரிக்கு நடுவே அடுப்படியிலிருந்து டிராயர் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். பச்சையம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனார்.

“இன்னா நைனா தேட்ற?”

“இல்ல பெரிம்மா, இது பிரேம் வெச்சதா, வெக்காததானு…”

“போட்டவரு பூட்டாரு. சுடுகாடு பக்கந்தான், போயி கேட்டுகினு வா.”

பவானி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். துக்கம் தாங்கவில்லை போலும் என்று இரண்டு பேர் வந்து தேற்றினார்கள்.

சரி, அடுப்படிக்குத் திரும்புவோம். புளி கிடைத்துவிட்டது. இனி மீன் சட்டி. அது எந்தப் பெட்டியில் இருக்கும்? எப்போதும் அடிப்பெட்டியில்தான். பவானி குனிந்து சட்டியைப் பிடித்துத் தூக்கினாள். முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதிக் குனிவில் நின்றபடி புருஷனைக் கூப்பிட்டாள். ரகுபதி ஒரே தாவலில் வந்தார். பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“இந்தாமே, அப்டியே இரு. ஆடாத. கை எந்த ஒசரத்துல கீதுனு பாத்துக்கறேன்.”

தரையிலிருந்து அவள் விரல்வரை டேப்பை இழுத்தார்.

இந்த மாதிரி நேரத்தில் கத்தினால் இன்னும் இறுகும். பவானி கத்தவில்லை. சட்டியைப் பெட்டிக்குள்ளேயே இறக்கினாள், மூச்சை மெல்ல விட்டாள், முழங்காலை மடக்கி ஒருக்களித்துச் சரிந்தாள், வலி தணியும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், பிறகு கையை ஊன்றி எழுந்தாள்.

“அளந்துகினியா?” என்று மட்டும் கேட்டாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அன்றைக்குக் குழம்பு இல்லை, கடைப் பரோட்டா.

மறுநாள் காலை பவானி முதுகுக்கு பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். மீன் சட்டியைத் தூக்கி வரச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ரகுபதி சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனார். டேப் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கக் கை இல்லை. மார்க்கெட் அருகே டிராயர் செய்து விற்கும் சுஃபியான் பாய் கடையில் மாதிரிக்கென்று இரண்டு வரிசை நின்றன. எந்த டைப் வேண்டும் என்று அவர் ஆரம்பிப்பதற்குள், முதல் வரிசையின் மேல் டிராயரில் சட்டியை வைக்கச் சொன்னாள். இடித்தது. அடுத்த வரிசையில் வைக்கச் சொன்னாள். போனது. மூடினாள், மூடியது.

“இத்த ஏத்து பாய்.”

“க்கா, இது சாம்பிளு.”

“சட்டி சாம்பிளு இல்ல பாய்.”

அளவு? ரகுபதி வந்து வந்து சொல்லியே அந்த அடுப்படியின் அளவு சுஃபியானுக்கு மனப்பாடம். இரண்டு அங்குலம் இடம் மிச்சம் வரும் என்றார். வரட்டும் என்றாள். டிராயர் வரிசை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறியது. வண்டி முன்னால், பவானி பக்கத்தில், சட்டியோடு ரகுபதி கடைசியில்.

அதெல்லாம் சரி, கடைசியில் அது பிரேம் வைத்ததா, வைக்காததா என்று கேட்க உங்களுக்கு நாக்கு அரிக்கிறது, இல்லையா? பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் குனிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். டேப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.