நான் சாப்பிடுகிறவன்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டி

ஆக்லாந்து,
14 ஆகஸ்ட் 2016

மைத்துனர் திருநாவுக்கரசு அவர்களுக்கு வரதராஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை வேதவள்ளியும் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'நலம்' என்றுதான் எழுதுவேன். இந்த முறை உயிரோடு இருப்பதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வாடகை வீட்டை விற்கப் போகிறார்களாம், செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புக்கெகோஹியில் எலுமிச்சை மரத்தோடு ஒரு சின்ன வீடு பார்த்து, கடனுக்கு வழி கேட்க நரேந்திரன் என்ற தரகரிடம் போனேன். கொள்கைக்காக நான் 2013இல் கட்டாமல் விட்ட டெலிபோன் பில் என் பெயரில் கறையாக நிற்கிறதாம். கொள்கையை விட்டுவிட்டுக் கட்டினேன். கிரெடிட் கார்டு மூன்றையும் கத்தரித்தேன். பிறகு அவர், "சார், மூணு மாசம் உங்க கணக்கு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கணும்" என்றார். நான் துடைத்தே வைத்துவிட்டேன் மச்சான். வாடகை, கரண்ட், பஸ் தவிர ஒரு டாலர் வெளியே போகவில்லை. ராத்திரிச் சாப்பாடு கோயிலில். சனிக்கிழமை நண்பர் சுந்தரமூர்த்தி காரில் தொற்றிக்கொண்டு போய் புக்கெகோஹி வெங்காய ஷெட்டில் மூட்டை கட்டி, கூலிக்கு வெங்காயமே வாங்கி வந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் பதினாறாம் நாளுக்குப் போய் இரண்டு முறை பாயசம் வாங்கினேன். வேதவள்ளியும் பிள்ளைகளும் இரண்டாவது வாரமே பசிக்கவில்லை என்று என்னோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் யாரும் இளைக்கவில்லை. என் வளர்ப்பு அப்படி என்று பெருமைப்பட்டேன்.

போன வாரம் வங்கியில் ஒரு பெண் என் கணக்கை மேலும் கீழும் பார்த்தாள். நான்கு பேர் மூன்று மாதமாக ஒரு பாட்டில் பால்கூட வாங்கவில்லையே, ஒன்று வேறு கணக்கை மறைக்கிறீர்கள், இல்லையென்றால் நீங்கள் யாரும் உயிரோடு இல்லை, இரண்டுக்கும் நாங்கள் கடன் தருவதில்லை என்றாள். மறைத்த கணக்கு எதுவும் இல்லை என்று பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்தேன். அப்படியானால் சாப்பிடுவதற்கு அத்தாட்சி கொண்டு வா என்கிறாள்.

எங்கள் மறுவீட்டு விருந்தில் நான் பத்தொன்பது இட்லி சாப்பிட்டதும், நீங்கள் ஓட்டலுக்கு ஓடியதும் பதினெட்டு வருடமாக ஊரெல்லாம் உங்கள் வாயால் பரவியிருக்கிறது. அதற்காக நான் வருந்தியதுண்டு. இப்போது அதையே நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட்டு, கூரியரில் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். வீடு போய்விடுமோ என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பசியோடு,
வரதராஜன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்கு முன் இதை வேதவள்ளியிடம் படித்துக் காட்டினேன். பீரோவைத் திறந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வைத்தாள். ஆறு வருடமாக அவள் சம்பாத்தியத்தில் அவள் பெயரில் தனிக் கணக்காம். பால், மளிகை, வியாழன்தோறும் சான்ட்ரிங்ஹாம் ஓட்டலில் மசால் தோசை மூன்று. நான்கு அல்ல, மூன்று. "வீட்டுல நாலு பேரும் உயிரோட இருக்க வேணாமா? உங்களைக் கோயில் பாத்துக்கிச்சு, மீதிய நான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

மறுநாள் அதை வங்கியில் காட்டியதும் கடன் கிடைத்துவிட்டது, அவள் பெயரில். விண்ணப்பத்தில் என் பெயரும் உண்டு. அவள் சாப்பாடு போட வேண்டியவர்களின் பட்டியலில், பிள்ளைகளுக்குக் கீழே. ஆகையால் தயவுசெய்து சான்றிதழ் அனுப்பிவிட வேண்டாம். பத்தொன்பது இட்லி என்று தெரிந்தால் கடனைக் குறைத்துவிடுவார்கள்.