மூன்று முறை மேடையேறிய சால்வை

மண்ணூர்பேட்டை,
திங்கட்கிழமை.

ஆண்டவர் அருளால் எனக்குச் சம்பந்தியாக வரவேண்டிய, இப்போது வருவாரோ மாட்டாரோ என்று நான் தவித்துக்கொண்டிருக்கிற மதிப்பிற்குரிய ஞானப்பிரகாசம் அவர்களுக்கு, ஜெயபால் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சகாயமேரியும் நலம். அதாவது நான் நலம், அவள் என்னோடு பேசுவதில்லை.

வருகிற ஞாயிறு கோயிலில் நம் பிள்ளைகளின் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்க வேண்டும். அதற்குள் நேற்று நடந்ததை விளக்காவிட்டால் என் மனசு ஆறாது. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டுப் பியானோவைப் பார்த்து, "க்ளாசிக்கல் இசைன்னா எனக்கு உயிர்" என்று சொன்னேனே, அது பொய். முப்பத்திரண்டு வருஷம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்து மிஷின் சத்தம் மட்டுமே கேட்ட காது இது. அதை நம்பி உங்கள் மகள் எவாஞ்சலினின் பியானோ கச்சேரிக்கு என்னை அழைத்து, முடிந்ததும் சால்வை போர்த்தும் கௌரவத்தையும் கொடுத்துவிட்டீர்கள். பயந்துபோய் என் மகன் டேனியிடம் பாடம் கேட்டேன். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை அது, அதற்கு முன்னால் இருந்ததுபோல நாலு குரல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, மேலே ஒரே மெட்டு தெளிவாகப் போகும், இடது கை அதற்குத் துணை வாசிக்கும், ஒரு வரி கேள்வி கேட்டால் அடுத்த வரி அதே அளவில் பதில் சொல்லும், மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென்று உரக்கக் கேட்கும், ஒவ்வொரு பகுதியும் முடிந்தது என்று பளிச்சென்று தெரியும்படி முடியும் என்றான். மொத்தம் மூன்று பகுதி என்றும் சொன்னானாம். அந்த நேரம் நான் சால்வைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலப்பன்சாவடி கல்லூரி அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். பளிச்சென்று முடிந்தது. என் சிநேகிதர் அப்துல் ரசாக் தொடையில் தட்டி, "முட்ஞ்சிச்சி நைனா, போய்ப் போத்து!" என்றார். ஏறினேன். "மாமா, இன்னும் இருக்கு" என்று எவாஞ்சலின் மெதுவாகச் சொன்னாள். இறங்கினேன். அடுத்தது தாலாட்டு மாதிரி மெதுவாகப் போய், ஓய்ந்து, அடங்கியது. இதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது என்று மறுபடி ஏறினேன். இருந்தது. மூன்றாவது தடதடவென்று ஓடி நடுவில் டக்கென்று நின்றபோது நான் அசையவே இல்லை. முன்வரிசையில் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப இன்னாத்துக்கு குந்திகினு கீற?" என்று ரசாக் முதுகில் குத்தினார். ஓடிப்போய், எவாஞ்சலினின் தோள், கை, பியானோ எல்லாம் மூடும்படி போர்த்திவிட்டேன். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். பாதர் நன்றியுரையே தொடங்கிவிட்டார். நீங்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பினீர்கள். அந்த முதுகைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சகாயமேரி, "புள்ள கல்யாணத்தையே சால்வைல சுத்திக் கடாசிட்டு வந்துகீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஐயா, டேனிக்கு முகமும் புத்தியும் அவன் அம்மாவுடையது. என்னிடமிருந்து அவனுக்கு வந்தது இனிஷியல் மட்டும். அரங்கம் நிறைய ஆட்கள் முன்னால் உங்கள் மகளின் வாசிப்பைக் கெடுத்தவன் நான் ஒருவன்தான். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என் தப்புக்கு அவனைத் தண்டித்துவிடாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஜெபமும். மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், குறிப்பாக என்னிடமிருந்து.

வெட்கத்துடன்,
அ. ஜெயபால்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது எவாஞ்சலின் போன் செய்தாள். "மாமா, கடைசில எனக்கு வாசிக்க வேண்டியது சுத்தமா மறந்துபோச்சு. அழுதிருப்பேன். நல்லவேளை, நீங்க வந்து போத்தினீங்க. நான் சும்மா நிறுத்தி வாசிக்கறேன், உங்களாலதான் மேல தொடர முடியலன்னு எல்லாரும் நினைச்சிட்டாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தக் கடிதம் வந்ததாக அவளிடம் மூச்சுவிடாதீர்கள். வாக்குக் கொடுத்து இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.