எட்டு செல்வி, ஒரு திருமலை

பாத்திரம் தேய்க்காம தப்பிக்கிறதுக்காக சாஃப்ட்வேர் கத்துக்கின முதல் புருஷன் நானாத்தான் இருப்பேன். பேரு திருமலை. ஒரகடத்துல கார் சீட்டு தைக்கிற கம்பெனியில லைன் ஆபரேட்டர். அதுவரைக்கும் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், காலையில கம்பெனி கேட்டுல கட்டைவிரலை வெச்சா பச்சை லைட்டு எரியும். அதுவும் மூணாவது தடவைதான் எரியும்.

என் சம்சாரம் முத்துச்செல்விக்கு திருநெல்வேலிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கு செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டல்ல தங்கி, கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல என்னைப் பார்த்து, ஏமாந்து கட்டிக்கினவ. இப்போ மண்ணூர்ல வாடகை வூடு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், ரெண்டு பேரும் களைச்சி வர்றோம். சிங்க்குல கிடக்கிற பாத்திரம் மட்டும் யாரோ தெரியாதவங்க வூட்டுப் பாத்திரம் மாதிரி கிடக்கும்.

"ஏங்க, நேத்து நான் தேய்ச்சேன். இன்னைக்கு உங்க முறை."

"நேத்து இன்னா பெருசா இருந்துச்சு? ஒரே ஒரு டம்ளர்."

"அப்போ குக்கரு, தோசைக்கல்லு, வடைச்சட்டி எல்லாம் தானா குளிச்சிட்டு வந்துச்சாக்கும்?"

தினம் இதே பஞ்சாயத்து. அந்த நேரத்துலதான் எங்க லைன்ல கூட வேலை செய்ற பிரவீன், செல்லுல ஒரு கோர்ஸைக் காட்டினான். புரோகிராம் எழுதக் கத்துத் தர்றாங்களாம். நாப்பது பாடம், தமிழ்ல, சும்மா. சும்மான்னு சொல்லிட்டா நான் இலவச கண் பரிசோதனை கேம்புக்குக் கூட போயி, நல்லா இருக்கிற கண்ணைக் காட்டிட்டு வர்ற ஆளு. உடனே சேர்ந்துட்டேன்.

லேப்டாப்பு? செல்வி ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் குடுத்தது ஒண்ணு பீரோ மேல இருந்துச்சு. சார்ஜரைச் சொருகி வெச்சாதான் உயிரோட இருக்கும். இறக்கித் தூசி தட்டினேன்.

"அதை எதுக்கு எடுக்கிய?"

"செல்வி, உன் புருஷன் புரோகிராமர் ஆவப் போறான்."

"ஆகுங்க, ஆகுங்க. அரிசியைக் கழுவி வச்சிட்டு ஆகுங்க."

முதல் பாடத்துல கம்ப்யூட்டரை 'வணக்கம்' சொல்ல வைக்கணும். எனக்கு அது வணக்கம் சொல்ல நாலு நாளாச்சு. ஒரு புள்ளி விட்டுப்போனா சிவப்பு எழுத்துல இங்கிலீஷ்ல திட்டுது. எங்க சூப்பர்வைசரும் திட்டுவாரு, ஆனா புரியிற மாதிரி தமிழ்ல திட்டுவாரு.

பதினோராவது பாடத்துலதான் எனக்கு ஞானம் பொறந்துச்சு. பட்டியல் போட்டு நாலு பேரை எழுதிட்டா, கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கினு அதுல ஒரு பேரை எடுத்துக் காட்டும். சீட்டு குலுக்கிப் போடுற கதைதான். எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. அன்னியோட படிப்பை நிறுத்திட்டேன்.

"செல்வி! இனிமே வூட்ல சண்டையே கிடையாது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு பட்டனைத் தட்டுவோம். யார் பேர் வருதோ, மறுநாள் சமையலும் பாத்திரமும் அவங்களுது. கம்ப்யூட்டருக்கு ஓரவஞ்சனை தெரியாது."

"உங்க பேரு வந்தா, மறுக்கா ஒரு தட்டு தட்டுவியளோ?"

"சேச்சே! இன்னா பேச்சு பேசற?"

எங்க கம்பெனியில ஒவ்வொரு மெஷின் மேலயும் இதைச் செய், இதைச் செய்யாதேன்னு தாள் ஒட்டியிருக்கும். அதே மாதிரி எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன். 'ஒரு முறை மட்டுமே அழுத்தவும். வந்த பெயரை மாற்ற முடியாது.' கீழ தயாரித்தவர் திருமலை, ஒப்புதல் முத்துச்செல்வி. ரெண்டு கையெழுத்து, தேதி, எல்லாம் பக்கா.

இப்போ உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய போவக்கூடாது. அந்தப் பட்டியல்ல செல்வி பேரை எட்டு தடவை எழுதினேன். என் பேரை ஒரு தடவை. என் பேரை எழுதாமலே வுட்டிருக்கலாம். மனசாட்சி இடம் குடுக்கல.

திங்கக்கிழமை, செல்வி. செவ்வாய், செல்வி. புதன்கிழமைக்குள்ள நான் சோகமா மூஞ்சியை வெச்சிக்கப் பழகிட்டேன்.

"அய்யய்யோ, மறுபடியும் உன் பேரா? இன்னாம்மா பண்றது, கம்ப்யூட்டர் சொல்லிடுச்சே!"

"எனக்கு நேரமே சரியில்ல போலிருக்குங்க."

"ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுக்கோ. அப்படியே ஒரு டீ போடு."

வெள்ளிக்கிழமை வரைக்கும் செல்விதான். ஆனா எனக்கு வேண்டியது ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தான் மண்ணூர் கிரவுண்டுல கிரிக்கெட்டு ஃபைனல். எங்க லைனுக்கும் டிஸ்பேட்ச் ஆளுங்களுக்கும். ஆறு வருஷமா ஆடுறோம், ஃபைனல்னு ஒண்ணைப் பார்த்தது இதான் முதல் தடவை. நான்தான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். அதே ஞாயித்துக்கிழமை பார்த்து, செல்வி சொந்தக்காரங்க பதினோரு பேர் வேன் கட்டிக்கினு காஞ்சிபுரம் கோயிலுக்கு வர்றாங்க. வழியில மத்தியானச் சாப்பாடு எங்க வூட்ல. என் பேர் வந்தா பதினோரு இலைக்கு சமைக்கணும். வரலன்னா ஃபைனல் ஆடலாம். நான் பேட்டுக்குப் புது கிரிப்பு மாட்டி, ஷூவைக் கழுவிக் காயவெச்சிட்டேன்.

சனிக்கிழமை ஆறு மணி. செல்வி கையாலயே தட்டச் சொன்னேன். தட்டினா. வந்துச்சு.

திருமலை.

"இன்னாது!"

"உங்க பேருங்க."

"என் பேர் எப்படி வரும்?"

"ஏன் வராது? இருக்கது ரெண்டு பேரு. ஒருத்தர் பேரு வரத்தான செய்யும்?"

நான் வாயைத் தொறந்தேன். 'அடிப்பாவி, உன் பேரு எட்டு இருக்கே'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அதைச் சொன்னா நான் திருடன். விடிஞ்சா வர்ற பதினோரு பேர்ல நாலு பேர் மச்சானுங்க. நாலு பேரும் கபடி ஆடுறவனுங்க.

"இல்ல செல்வி... வரும்... வரலாம்... மெஷின்ல இன்னாவோ கோளாறு மாதிரி கீது. இன்னொரு வாட்டி தட்டிப் பாப்போமா?"

அவ ஃபிரிட்ஜைக் கை காட்டினா.

"தயாரித்தவர் யாருங்க?"

பிரவீனுக்கு போன் பண்ணேன்.

"டேய், நாளைக்கு நான் வரலடா."

"இன்னாண்ணே சொல்றீங்க! யாருனா செத்துட்டாங்களா?"

"இல்லடா. சாம்பார் வெக்கணும்."

"சாம்பாரா?"ன்னு ஒரு தடவை கேட்டான். அப்புறம் கட் பண்ணிட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில வேன் வந்துடுச்சு. மாமியார் சொர்ணம்மாள் நான் வெங்காயம் உரிக்கிறதைப் பார்த்து உருகிட்டாங்க. "மாப்ளையா சமைக்காக! எம்மக குடுத்து வச்சவ!" மச்சானுங்க நாலு பேரும் என் தோள்ல தட்டிக் குடுத்தானுங்க. தோள் இன்னும் வலிக்குது. செல்வி எல்லாரையும் கூட்டிக்கினு ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் கோயிலுக்குக் கிளம்பிட்டா, சாப்பாட்டுக்கு வந்துடுவாங்களாம். நானும் ஒரு அண்டா சாம்பாரும் வூட்ல.

பதினோரு மணிக்கு பிரவீன் போன். டாஸ் ஜெயிச்சி பேட்டிங்காம். எனக்குப் பதிலா கேன்டீன் நாகப்பன் இறங்குறானாம். நாகப்பன்! பந்து வந்தா கண்ணை மூடிக்கிறவன்! வயித்தெரிச்சல் தாங்கல. ஒன்பதுல ஒண்ணு வர்றது, அது சரியா நேத்தா வரணும்? கரண்டியை வெச்சிட்டு லேப்டாப்பைத் தொறந்தேன்.

முதல்ல கோர்ஸ் பக்கம்தான் வந்துச்சு. 'வாழ்த்துகள் திருமலை! நாற்பது பாடங்களையும் வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்!' ரெண்டு செகண்டு எனக்கே பெருமையா இருந்துச்சு. மூணாவது செகண்டுலதான், நான் பதினொண்ணுல நின்னது ஞாபகம் வந்துச்சு.

உடனே புரோகிராமைத் தொறந்தேன். எட்டு செல்வியும் வரிசையா அப்படியே நிக்கிறாங்க, கடைசியில அநாதையா நான். அதுக்குக் கீழ நான் எழுதாத ரெண்டு வரி. நான் நிறுத்தின படிப்பைச் செல்வி முடிச்சி, நான் படிக்காத பாடத்துலேர்ந்து எழுதியிருக்கா. ஆனாலும் எனக்கே புரிஞ்சிது. கிழமை சனியா இருந்தா, வர்ற பேரு திருமலை. இந்தச் சனின்னு இல்ல. எல்லாச் சனியும்.

அதுக்கும் கீழ ஒரு குறிப்பு. வரிக்கு முன்னாடி ஒரு குறி போட்டுட்டா அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது, மனுஷங்க படிக்கிறதுக்குன்னே எழுதுறது. செல்வி தமிழ்ல எழுதியிருந்தா:

'# ஏங்க, எம்பேரை எட்டுத் தடவை எழுதுற அளவுக்கு உங்களுக்கு எம்மேல பிரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இப்போ இதை வாசிச்சிட்டு இருக்கியன்னா அடுப்பைப் பாக்கலன்னு அர்த்தம். சாம்பார் அடிபிடிச்சிருக்கும், ஓடுங்க.'

ஓடினேன். பிடிச்சிருந்துச்சு.