மீதி அரை பாட்டில்

என் ஆயுளில் நான் ஒரு சொட்டு மதுகூடக் குடித்தது கிடையாது. சாப்பிட்டிருக்கிறேன். அதுவும் சாமி பிரசாதமாக, வருங்கால மாமனாருக்கு எதிரில் உட்கார்ந்து.

அப்போது எனக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. தேனியிலிருந்து வந்த அம்மாவும் நானும் கோவில்பதாகையில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். பார்த்திருந்த பெண் கவிதா, முத்தாபுதுப்பேட்டை. இரண்டு முறை போனில் பேசியதிலேயே என் மனசுக்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் போய் வந்துவிட்டேன். பாக்கி அவளுடைய அப்பா சம்மதம்தான். ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷம் பன்னும் ரொட்டியும் சுட்டு ரிட்டையர் ஆனவர். குடி என்றாலே ஆகாது. 'எப்பவாவது பார்ட்டியில மட்டும்' என்று உண்மை பேசிய இரண்டு மாப்பிள்ளைகளை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். தரகர் எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இரண்டே வரி: பையன் குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். (என் அழகைப் பற்றி அவரும் பொய் சொல்ல விரும்பவில்லை போலிருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ரொட்டிக்காரருக்கு ரொட்டியே சுட்டுக் கொடுத்து அசத்துவது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். இணையத்தில் ஒரு வீடியோ கிடைத்தது. மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, பீர். பிசைய வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் ரொட்டி. குடிக்கிறவனாக இருந்தால் அந்த நான்காவது பொருளைப் பார்த்ததும் சுதாரித்திருப்பான். எனக்கு அது ஒரு மளிகைச் சாமானாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மதுக்கடை வரிசையில் நின்றேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவரிடம், "அண்ணே, ரொட்டி சுடுறதுக்கு எது நல்லாருக்கும்?" என்று கேட்டேன். வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார். "இன்னா நைனா, நாங்கெல்லாம் சரக்குக்கு சைடிஷ் தேடிகினு கீறோம். நீ சைடிஷ்லயே சரக்க ஊத்தப் போறியா?"

மறுநாள் காலை அம்மா பூ வாங்கப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். அரை பாட்டில் மாவில், மீதி அரை பாட்டில் சிங்க்கில், காலி பாட்டில் குப்பைக்கூடையின் அடியில். ஓவன் இல்லாததால் குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வேக வைத்தேன். அம்மா வந்து மோந்து பார்த்து, "என்னடா, ஆப்ப மாவு வாசனை வருது?" என்றாள். "ரொட்டின்னா அப்படித்தாம்மா" என்றேன். நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: ரொட்டி நன்றாக வந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், தட்டு நிறைய ரொட்டித் துண்டுகள் சாமி படங்களுக்கு முன்னால். வீட்டில் முதன்முதலாக எதைச் செய்தாலும் சாமிக்குக் காட்டாமல் அம்மா யாருக்கும் தரமாட்டாள். பிள்ளையார், முருகன், பெருமாள், ஓரத்தில் எங்கள் குலதெய்வம் கருப்பசாமி என நான்கு பேருக்கும் கற்பூரம் காட்டி முடித்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். காலிங் பெல் அடித்தது.

கவிதாவின் அப்பா தன் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். அம்மா ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள், எனக்கும்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். பேசாமல் கையை நீட்டி இரண்டாவது துண்டையும் வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பாதியைக் கடித்தபோதுதான் அவருக்குள் இருந்த கேன்டீன்காரர் விழித்துக்கொண்டார்.

"எத்தினி மணி நேரம் புளிக்க வெச்சீங்க தம்பி?"

"வைக்கலை சார்."

"ஈஸ்ட்டு எவ்ளோ?"

"போடலை சார்."

"அப்புறம் எப்டி இந்த வாசன?"

நற்சான்றிதழின் இரண்டு வரியில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பயத்தில் தானாக வந்துவிட்டது. "பீர் சார். அரை பாட்டில்."

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி அரை?" என்றார்.

"சிங்க்ல ஊத்திட்டேன் சார்."

(இதைவிடப் பொய்யாகத் தொனிக்கும் ஓர் உண்மையை நான் இன்றுவரை சொன்னதில்லை.)

அவர் எழுந்துவிட்டார். கையில் பாதித் துண்டு. பிரசாதம் என்பதால் கீழே வைக்க முடியவில்லை. பீர் என்பதால் வாயில் வைக்க முடியவில்லை. அவர் மனைவி தன் துண்டை முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சாமி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருப்புக்கு வருசா வருசம் நாங்க சாராயந்தாங்க படைப்போம். அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. பெருமாள்கிட்டதான் மன்னிப்புக் கேக்கணும்" என்று விளக்கம் வேறு கொடுத்தாள். அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அவர் அந்தப் பாதித் துண்டைக் கைக்குட்டையில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியோடு பைக்கில் ஏறிப் போய்விட்டார். அன்று நான் எதுவும் சாப்பிடவில்லை. கவிதாவை நினைத்து நிஜமாகவே அழுதேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன்.

"அந்தத் துண்டு எங்க ஊட்டு சாமி ஷெல்ஃபுலயே கீது தம்பி. எறும்பு வர ஆரம்பிச்சிடுச்சு. பிரசாதத்த வீணாக்கக் கூடாதேன்னு இப்பதான் சாப்ட்டேன். வேற பையனா இருந்தா ஈஸ்ட்டுன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிருப்பான். நாள் பாக்கச் சொல்லுங்க அம்மாவ."

நான் நன்றி சொல்வதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது போவட்டும். மீதி அரை?"

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் குலதெய்வப் படையலில் இப்போது சாராயம் இல்லை. அம்மாவின் உத்தரவுப்படி அந்த ரொட்டிதான். மாமனார் தவறாமல் வருகிறார். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், "மீதி அரை எங்க மாப்ளே?" என்று தவறாமல் கேட்கிறார். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, கையை நீட்டி, இரண்டாவது துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.